கைக்கடிகாரங்களின் கடினப் பூச்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்பு, பொன்னிறம், செம்பொன், அடர்சாம்பல் என்று பல நிறங்களில் விற்கப்படும் உலோகக் கைக்கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில் அந்த நிறம் உலோகத்தின் சொந்த நிறமன்று. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலமே அந்த நிறத்தைத் தருகிறது. அந்தப் படலம் எதனால் ஆனது, எவ்வளவு காலம் நிற்கும், விளம்பரத்தில் சொல்லப்படும் எண்களுக்கு என்ன பொருள் என்று வாங்குபவர்களும் ஏற்கெனவே அணிந்துகொண்டிருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

தங்க முலாமும் இப்போது சொல்லப்படும் பி.வி.டி. பூச்சும் ஒன்றுதானா?

இல்லை. முலாம் என்பது மின்சாரத்தின் உதவியால் கரைசலில் செய்யப்படுவது. தங்க உப்பு கலந்த கரைசலுக்குள் பித்தளைக் கேஸை, அதாவது கடிகாரத்தின் வெளிக்கூட்டை, இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினால், தங்கம் அதன்மேல் படிகிறது. பழைய சுவிஸ் கடிகாரங்களின் பின்புறத்தில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அது இந்த முலாமின் தடிமன். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். தங்கம் மென்மையான உலோகம் ஆகையால் சட்டைக்கையின் உரசலிலேயே அது மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போட்ட கடிகாரத்தின் ஓரங்கள் சில ஆண்டுகளில் வெளுத்து, உள்ளிருக்கும் பித்தளை வியர்வையில் பச்சை பூத்துப்போனதை நம் வீடுகளில் பலர் கண்டிருப்பார்கள்.

பி.வி.டி. (Physical Vapour Deposition, இயற்பியல் ஆவிப் படிவு) பூச்சில் கரைசலே கிடையாது. திடப்பொருளை வெற்றிடத்தில் ஆவியாக்கி, அந்த ஆவியைக் கேஸின்மேல் படியவைக்கும் முறை அது. இங்கே படிவது பெரும்பாலும் தூய உலோகமன்று. டைட்டானியம் நைட்ரைடு போன்ற, பீங்கானுக்கு நெருங்கிய இயல்புடைய கடினமான சேர்மம். தடிமன் பெரும்பாலும் 3 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். 20 மைக்ரான் தங்கத்தைவிட 2 மைக்ரான் டைட்டானியம் நைட்ரைடு நீண்ட காலம் நிற்பது இதனால்தான்.

அந்த வெற்றிடக் கலத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

பூச்சின் ஆயுளில் பாதி, கலத்துக்குள் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதால் அங்கிருந்தே தொடங்க வேண்டும். கேஸ், பின்மூடி, செயினின் கண்ணிகள் எல்லாம் மீயொலித் தொட்டிகளில் பல முறை கழுவப்பட்டு உலர்த்தப்படுகின்றன. இதற்குப் பிறகு வெறுங்கையால் யாராவது ஒரு முறை தொட்டுவிட்டால், விரல்ரேகையின் எண்ணெய் பட்ட இடத்தில் படலம் சரியாக ஒட்டாது. சில மாதங்களில் அதே ரேகையின் வடிவத்தில் உரிந்து வருவதும் உண்டு.

கழுவிய பாகங்களைச் சுழலும் தாங்கிகளில் தொங்கவிட்டு, கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். முதலில் ஆர்கான் அயனிகள் பாகங்களின்மேல் மோதவிடப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத எஞ்சிய அழுக்கையும் ஆக்சைடு படலத்தையும் அவை கொத்தி எடுத்துவிடும். பின்னர் குரோமியம் அல்லது டைட்டானியத்தால் ஒரு மெல்லிய இணைப்படுக்கு இடப்படுகிறது. அதன் பிறகே டைட்டானியத் தகட்டிலிருந்து மின்வில்லாலோ அயனிகளின் மோதலாலோ அணுக்கள் பெயர்க்கப்படுகின்றன. கலத்துக்குள் விடப்படும் நைட்ரஜனோடு அவை சேர்ந்து, டைட்டானியம் நைட்ரைடாகப் பாகங்களின்மேல் படிகின்றன. கலத்தின் வெப்பம் பெரும்பாலும் 200 முதல் 450 பாகை செல்சியஸ் வரை இருக்கும்.

இந்த முறையில் அணுக்கள் ஏறத்தாழ நேர்கோட்டில் பயணிக்கின்றன. ஆகவே தாங்கிகள் எவ்வளவு சுழன்றாலும், மறைவான இடுக்குகளிலும் செயின் கண்ணிகளின் உட்பக்கங்களிலும் படலம் மெல்லியதாகவே விழும். பொன்னிற டிரில் பிட்டை லேத் பட்டறையில் பார்த்தவர்களுக்கு இந்தப் பூச்சு புதியதன்று. கடிகாரத்தின் பொன்னிறத்துக்கும் அந்த டிரில் பிட்டின் நிறத்துக்கும் காரணம் பெரும்பாலும் அதே டைட்டானியம் நைட்ரைடுதான்.

ஐ.பி. என்று எழுதியிருந்தால் அது பி.வி.டி.யைவிடத் தாழ்ந்ததா?

ஐ.பி. என்பது அயனி முலாம் (Ion Plating) என்பதன் சுருக்கம்; பெயரில் முலாம் இருந்தாலும் இதில் கரைசல் இல்லை. 1960களில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் டொனால்ட் மேட்டாக்ஸ் உருவாக்கிய இந்த முறை பி.வி.டி. குடும்பத்தின் ஓர் உறுப்பினர். ஐ.பி. என்ற எழுத்துகளை மட்டும் வைத்து உயர்வு தாழ்வு சொல்ல முடியாது. எந்தச் சேர்மம், எவ்வளவு தடிமன், எந்த உலோகத்தின்மேல் என்ற மூன்றையும் சொல்லாதவரை இரண்டு பெயர்களுமே வெறும் பெயர்கள்தான்.

டி.எல்.சி. பூச்சில் வைரம் இருக்கிறதா?

வைரக் கற்கள் எதுவும் இல்லை. வைரமும் கார்பன், பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் கார்பன். அணுக்கள் பிணைந்திருக்கும் விதம்தான் வேறு. வைரத்தின் பிணைப்பும் கிராஃபைட்டின் பிணைப்பும் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும் படலமே வைரத்தையொத்த கார்பன் எனப்படும் டி.எல்.சி. அமெரிக்காவைச் சேர்ந்த ஐசன்பெர்க், சபோ ஆகிய இருவரும் 1971இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைபெற்றது. இன்று கணினியின் ஹார்டு டிஸ்க் தட்டுகளிலும் எஞ்சின் பாகங்களிலும் ஷேவிங் பிளேடுகளிலும் இதே குடும்பப் படலங்கள் பயன்படுகின்றன.

வைரப் பிணைப்பின் பங்கு கூடக் கூடக் கடினம் கூடும்; ஹைட்ரஜன் அதிகம் கலந்தால் குறையும். ஆகவே டி.எல்.சி. என்ற ஒரே பெயரின்கீழ் 1,000 விக்கர்ஸ் பூச்சும் கிடைக்கும், 4,000 விக்கர்ஸ் பூச்சும் கிடைக்கும் (விக்கர்ஸ் என்பது கடினத்தின் அளவு; விளக்கம் அடுத்த கேள்வியில்). இதன் மற்றொரு நற்குணம் வழுக்கல். உராய்வு குறைவாக இருப்பதால் மேசை விளிம்பும் சாவிக்கொத்தும் பற்றிக்கொள்ளாமல் சறுக்கிவிடுகின்றன. அன்றாடப் பயன்பாட்டில் கருப்புக் கடிகாரத்துக்கு டி.எல்.சி. ஏற்றதாக இருப்பதற்கு அதன் கடினத்தைப் போலவே இந்த வழுக்கலும் காரணம் என்பது என் கருத்து.

2,000 விக்கர்ஸ் கடினம் என்று விளம்பரம் சொல்கிறது. அப்படியானால் கடிகாரத்தில் கீறலே விழாதா?

இந்தக் கேள்விக்கான விடையைப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானே விளங்கிவிடும். விக்கர்ஸ் சோதனை 1921இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் உருவானது. நான்கு முகம் கொண்ட கூர்மையான வைரக் கூம்பை ஒரு குறிப்பிட்ட எடையால் பொருளின்மேல் அழுத்தி, பதிந்த குழியின் மூலைவிட்டத்தை நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். குழி சிறியதாக இருந்தால் எண் பெரியதாக வரும். கடிகாரங்களில் வழக்கமாகப் பயன்படும் 316எல் துருப்பிடிக்கா எஃகு ஏறத்தாழ 200, ஐந்தாம் தர டைட்டானியக் கலவை ஏறத்தாழ 350, கடிகாரக் கண்ணாடியாகப் பயன்படும் சஃபயர் ஏறத்தாழ 2,000 விக்கர்ஸ் கடினம் கொண்டவை.

இப்போது ஒரு சிறு கணக்கு. 2,000 விக்கர்ஸ் கடினமுள்ள கனமான ஒரு கட்டியின்மேல் அந்த வைரக் கூம்பை 1 கிலோ எடையால் அழுத்தினால், ஏறத்தாழ 30 மைக்ரான் அகலமும் 4 மைக்ரானுக்குச் சற்று மேற்பட்ட ஆழமும் உடைய குழி விழும். நம் பூச்சின் தடிமனோ 2 மைக்ரான்தான். அதாவது கூம்பு பூச்சைத் துளைத்துக்கொண்டு கீழே இருக்கும் மென்மையான எஃகுக்குள் இறங்கிவிடும். படலத்தின் கடினத்தை மட்டும் அளக்க வேண்டுமானால், கூம்பு படலத்தின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இறங்கக் கூடாது என்பது ஆய்வகங்களில் வழங்கும் பொதுவிதி. அதன்படி 2 மைக்ரான் படலத்தின்மேல் வைக்கக்கூடிய எடை வெறும் 2 கிராம் அளவுதான். விளம்பரத்தில் வரும் 2,000 என்பது இப்படி மிக மெல்ல அழுத்திப் பெற்ற எண். அது படலத்துக்குரியது, கடிகாரம் முழுவதற்கும் உரியதன்று.

கதவு நிலையில் மணிக்கட்டு மோதும்போது யாரும் 2 கிராம் எடையோடு மோதுவதில்லை. மெத்தையின்மேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் முறுமுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே மெத்தை அமுங்குவதால் அப்பளம் நொறுங்குகிறது. மென்மையான எஃகின்மேல் உள்ள கடினப் பூச்சுக்கு நேர்வதும் இதுதான். மெல்லிய உரசல்களை அது எளிதாகத் தாங்கும், ஆனால் அழுத்தமான மோதலில் எஃகு பள்ளம் விழும்போது படலமும் அதனோடு உடைந்து உட்காரும்.

எதனால்தான் கீறல் விழுகிறது? நான் கடிகாரத்தை எதிலும் இடிப்பதே இல்லை.

பெரும்பாலான மெல்லிய கீறல்களுக்குக் காரணம் மணல். காற்றில் பறக்கும் தூசியிலும் மேசையில் படியும் மண்ணிலும் குவார்ட்சு துகள்கள் இருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்சின் கடினம் 7. விக்கர்ஸ் கணக்கில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 வரை. 200 விக்கர்ஸ் எஃகுக்கு ஒவ்வொரு மணல் துகளும் ஓர் உளிதான். மடிக்கணினியின் அலுமினியம் எஃகைவிட மென்மையானது. அது கீறுவதாகத் தோன்றினாலும், உண்மையில் இடையில் மாட்டிய துகளே கீறுகிறது. சஃபயர் கண்ணாடி பல ஆண்டுகள் பளபளப்பாக இருக்க, அதைச் சுற்றியுள்ள எஃகு வளையம் மங்கிப்போவதன் காரணமும் இதுவே. பூச்சின் கடினம் குவார்ட்சைத் தாண்டிவிட்டால் இந்தத் தினசரிக் கீறல்கள் ஏறத்தாழ நின்றுவிடும். ஆகவே 1,200இலிருந்து 2,000க்குப் போவதைவிட, 200இலிருந்து 1,200க்கு ஏறுவதே பயனளிக்கும் ஏற்றம்.

பூச்சு இல்லாமல் உலோகத்தையே கடினமாக்க முடியாதா?

முடியும். குறைந்த வெப்பத்தில் கார்பன் அல்லது நைட்ரஜன் அணுக்களை உலோகத்துக்குள்ளேயே ஊடுருவச் செய்யும் முறைகள் உள்ளன. இவற்றில் கடினமான பகுதி சில பத்து மைக்ரான் ஆழம் வரை செல்லும். மேலே தனியாக ஒட்டியிருக்கும் படலம் எதுவும் இல்லாததால் உரிவதற்கும் எதுவும் இல்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரைச் சேர்ந்த சின் நிறுவனம் டெகிமெண்ட் என்ற பெயரில் எஃகின் மேற்பரப்பை ஏறத்தாழ 1,200 விக்கர்ஸ் வரை கடினமாக்குகிறது. அதே நிறுவனம் கருப்பு நிறம் தேவைப்படும் கடிகாரங்களில், இப்படிக் கடினமாக்கிய எஃகின்மேல் கருப்புப் பூச்சை இடுகிறது. அப்பளத்தின் கீழே மெத்தைக்குப் பதிலாகப் பலகையை வைப்பதற்கு இது ஒப்பானது. என்னைக் கேட்டால், கருப்புக் கடிகாரம் வாங்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டிய சேர்க்கை இதுதான்.

1970இல் எக்ஸ்-8 என்ற உலகின் முதல் டைட்டானியக் கைக்கடிகாரத்தை வெளியிட்ட ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் டியூராடெக்ட் என்ற பெயரின்கீழ் இரண்டு வழிகளையும் வைத்திருக்கிறது. சில மாடல்களில் வாயுக்களை டைட்டானியத்துக்குள் ஊடுருவச் செய்கிறார்கள், சிலவற்றில் மேலே பூச்சு இடுகிறார்கள், சிலவற்றில் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மாடலின் விவரத்தைப் படித்துப் பார்க்காமல் எது என்று அறிய முடியாது. ஜெர்மனியின் டமாஸ்கோ நிறுவனம் மூன்றாவது வழியில் செல்கிறது. கேஸின் மேற்பரப்பு மட்டுமன்றி முழுக் கேஸுமே ஏறத்தாழ 710 விக்கர்ஸ் கடினமுள்ள எஃகால் செய்யப்படுகிறது.

ஒரே ஆண்டில் செயினைப் பூட்டும் லாக்கின் ஓரங்கள் வெள்ளியாகத் தெரிகின்றன. இது தயாரிப்புக் குறையா?

தேய்மானமா, உரிதலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் இருக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸை ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். நான் ஆறு ஆண்டுகளாக அணியும் கருப்புக் கடிகாரத்தின் லாக்கை அப்படிப் பார்த்தபோது, விளிம்பில் வெள்ளிநிறக் கோடு ஒன்று தெரிந்தது. அதன் எல்லை கூராக இல்லை. கருப்பிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து வெள்ளி என்று படிப்படியாக மாறியது. தட்டச்சு செய்யும்போது மேசையில் உரசும் இடம் அதுதான். இது தேய்மானம், இதற்கு யாரையும் குறைசொல்ல இயலாது.

எல்லை சில்லு பெயர்ந்ததுபோல் கோணல்மாணலாகவும் கூராகவும் இருந்து, உரசல் படாத சமதளத்திலும் அப்படி இருக்குமானால் அது உரிதல். படலம் ஒட்டவே இல்லை, அதாவது கழுவுவதிலோ இணைப்படுக்கிலோ பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். கூரான விளிம்புகளில் படலத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஒரே இடத்தில் குவிவதால், இரண்டு வகைச் சேதமும் முதலில் விளிம்புகளில்தான் தொடங்கும். எனவே இடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

எல்லா நிறங்களும் ஒரே அளவு உழைக்குமா?

உழைக்காது. பொன்னிறத்துக்கு டைட்டானியம் நைட்ரைடு, வெளிர்ப்பொன்னுக்கு சிர்கோனியம் நைட்ரைடு, வெள்ளிச்சாம்பலுக்குக் குரோமியம் நைட்ரைடு என்று சேர்மமே நிறத்தைத் தரும் பூச்சுகள் நம்பகமானவை. சற்றுத் தேய்ந்தாலும் நிறம் மாறாது. செம்பொன் நிறத்திலும் அசல் தங்கத்தை ஒத்த நிறத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீழே கடினமான நைட்ரைடை இட்டு, நிறம் சரியாக வருவதற்காக மேலே மிக மெல்லிய தங்கப் படலம் ஒன்றைச் சேர்ப்பது பரவலான வழக்கம். அந்த மேற்படலம் தேய்ந்ததும் உட்பூச்சின் சற்றே வேறுபட்ட மஞ்சள் எட்டிப்பார்க்கும். நீலம் பல வேளைகளில் ஒளியின் குறுக்கீட்டால் தோன்றும் நிறம். சோப்புக் குமிழியின் வண்ணங்களைப் போல அது படலத்தின் தடிமனைச் சார்ந்தது. சிறிது தேய்ந்தாலே சாயல் மாறிவிடும் என்பதால், தினமும் அணியும் கடிகாரத்துக்கு நீலத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

வியர்வை அதிகமாக வரும். பூச்சு பாதிக்கப்படுமா?

டைட்டானியம் நைட்ரைடையோ டி.எல்.சி.யையோ வியர்வை அரிப்பதில்லை. ஆனால் எந்தப் பூச்சிலும் நுண்துளைகள் இருக்கும். அடியில் 316எல் எஃகோ டைட்டானியமோ இருந்தால் கவலை இல்லை. மலிவான பித்தளையோ துத்தநாகக் கலவையோ இருந்தால் உப்புநீர் துளைகள் வழியே இறங்கி அடியுலோகத்தை அரிக்கும், பூச்சு கொப்புளமாக எழும்பும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலோரத்தில் வசிப்பவர்கள் பூச்சின் பெயரைக் கேட்பதற்கு முன் அடியுலோகத்தின் பெயரைக் கேட்பது நல்லது.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு சொல். 316எல் எஃகில் 10 முதல் 14 விழுக்காடு நிக்கல் உண்டு. பொதுவாக அது எஃகுக்குள் இறுகப் பிணைந்திருக்கும். தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருள்கள் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்குமேல் நிக்கலை வெளிவிடக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பூச்சு இந்தக் கசிவைக் குறைக்கும், ஆனால் தேய்ந்த இடத்தில் அந்தக் காப்பு இல்லை. கடுமையான ஒவ்வாமை உடையவர்கள் டைட்டானியம் வாங்குவதே பாதுகாப்பு.

கீறல் விழுந்த கருப்புக் கேஸைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாமா?

கூடாது. பாலிஷ் சக்கரம் பட்டால் பூச்சு போய்விடும். பழைய படலத்தை வேதிக்கரைசலாலோ பிளாஸ்மாவாலோ முழுவதும் அகற்றி, எஃகைச் சீராக்கி, மீண்டும் பூச வேண்டும். அதற்குக் கடிகாரத்தை முற்றிலும் பிரித்தாக வேண்டும். பல நிறுவனங்கள் இதைச் செய்வதற்குப் பதிலாகக் கேஸையே மாற்றிக் கொடுக்கின்றன. வீட்டில் மார்க்கர் பேனாவால் கீறலை மறைப்பவர்களும் உண்டு. தீங்கில்லை, இரண்டு நாள் நிற்கும்.

கண்ணாடியிலும் பூச்சு உண்டு என்கிறார்களே?

அது ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு. சஃபயரின் ஒளிவிலகல் எண் 1.77 என்பதால் ஒவ்வொரு பக்கமும் விழும் ஒளியில் 7 விழுக்காட்டுக்குமேல் திருப்பி அனுப்புகிறது. இரு பக்கமும் சேர்ந்தால் வெயிலில் முள்ளே தெரியாது. 1.38 ஒளிவிலகல் எண் கொண்ட மெக்னீசியம் ஃபுளோரைடை ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனில், அதாவது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவில் இட்டால், பச்சை ஒளியின் எதிரொளிப்பு ஏறத்தாழ முழுவதும் நின்றுவிடும். சிவப்பும் நீலமும் சிறிது எஞ்சுவதால்தான் கண்ணாடியைச் சாய்த்துப் பார்க்கும்போது ஊதா மினுக்கம் தெரிகிறது. இந்தப் படலம் சஃபயரைவிட மிக மென்மையானது. வெளிப்பக்கம் இடப்பட்டிருந்தால் சில ஆண்டுகளில் மெல்லிய கீறல்கள் தோன்றும்; அப்போது "சஃபயரில் கீறல் விழுந்துவிட்டது" என்று பலர் கலங்குவார்கள். கீறல் விழுந்தது பூச்சில்தான். நகத்தால் தடவிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படாது. உட்பக்கம் மட்டும் பூச்சு உள்ள கண்ணாடிக்கு இந்தத் தொல்லை இல்லை. பாதி எதிரொளிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடையில் திரவமாகப் பூசிவிடும் 9எச் நானோ பூச்சு பயன் தருமா?

கீறலைத் தடுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். 9எச் என்பது பென்சிலின் கடின அளவு. வண்ணப்பூச்சுகளைச் சோதிக்க வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களால் கீறிப்பார்க்கும் முறையில் 9எச் பென்சிலுக்குத் தாங்கியது என்பதே அதன் பொருள். வைரம் 10, சஃபயர் 9 என்று சொல்லும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பென்சில் கீறாததை மணல் கீறும். விரல்ரேகை படியாமல் இருக்க இந்தத் திரவம் சிறிது காலம் உதவலாம்.

செராமிக் கடிகாரமும் பூச்சு வகையா?

இல்லை. அதில் கேஸ் முழுவதுமே சிர்கோனியம் ஆக்சைடு. கடினம் ஏறத்தாழ 1,200 விக்கர்ஸ். தேய்ந்தாலும் நிறம் போகாது, ஆனால் கல்தரையில் விழுந்தால் உடையக்கூடும். சுவிஸ் நிறுவனமான ராடோ 1962இல் டயாஸ்டார் என்ற கடிகாரத்தைக் கடின உலோகத்தில் செய்து, 1986இல் செராமிக்குக்கு வந்தது.

எப்படிச் சுத்தம் செய்வது?

வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, மென்மையான பல்துலக்கி போதும். நீர் புகாத கடிகாரம்தானா, நேரம் திருத்தும் பக்கத் திருகு இறுக்கமாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பற்பசை, சாம்பல், சமையல் சோடா வேண்டாம். அவற்றில் தேய்க்கும் துகள்கள் உள்ளன. துடைப்பதற்கு முன் நீரில் அலசுவது முக்கியம். காய்ந்த துணியால் முதலில் துடைத்தால் மேலிருக்கும் மணலை நீங்களே தேய்த்துவிடுகிறீர்கள்.

பழைய கருப்புக் கடிகாரம் வாங்குகிறேன். பூச்சு நிறுவனம் இட்டதா, வெளியே இட்டதா என்று எப்படி அறிவது?

முதலில் அந்த மாடலைக் கருப்பில் நிறுவனம் வெளியிட்டதா என்று பாருங்கள். வெளியிடாதிருந்தால் விடை கிடைத்துவிட்டது. உத்தரவாதமும் அத்தோடு போயிருக்கும். வெளியிட்டிருந்தால் ஸ்ட்ராப்பைக் கழற்றி, ஸ்ட்ராப் பொருந்தும் கேஸின் காதுகளுக்கு இடையே உள்ள பகுதியைப் பாருங்கள். வெளியே பூசுபவர்கள் அடியுலோகத்தின் கீறல்களை மறைக்க முதலில் நுண்ணிய மணிகளை வேகமாக வீசி மேற்பரப்பை மங்கலாக்குவார்கள். அதனால் பின்மூடியில் பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும்; கேஸின் கூரான விளிம்புகளும் உருண்டிருக்கும். திருகு, பொத்தான்கள், பின்மூடி, லாக் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். வெவ்வேறு நாளில் வெவ்வேறு கலத்தில் பூசியிருந்தால் ஒன்று சற்று நீலம் கலந்த கருப்பாகவும் மற்றொன்று பழுப்பு கலந்த கருப்பாகவும் தெரியும்.